தேடியபின் கேட்போம்

கேள்வி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வினாவும் கேள்விதான், அறிந்தோர் சொல்லைச் செவியால் கேட்டுக் கற்பதும் கேள்விதான். திருவள்ளுவர் கல்வியை முதலில் வைத்தார்; கல்லாமையை அடுத்து வைத்தார்; அதன் பின்னரே கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். இந்த வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவன் நான். அதன் பொருளை உணர்ந்ததோ சென்ற ஆண்டில்தான். உணர்த்தியவை எங்கள் வீட்டுக் கொல்லையில் சருகைக் கிளறி இரைதேடிய ஏழு குருவிகள்.

எங்கள் வீடு பாறசாலைக்கு அருகில் இருக்கிறது. என் தந்தையார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பு நாடி வந்து இங்கே ஒரு சிறு கடை வைத்தவர். சாலையில் சிறிது தூரம் சென்றால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், வகுப்பறையில் ஆங்கிலம் என்று வளர்ந்தேன். விலங்கியல் படிக்க வந்தபின் பறவை நோக்கும் பழக்கம் பற்றிக்கொண்டது. அதே பழக்கமுடைய சிலரோடு ஒரு குழுவிலும் சேர்ந்தேன்.

சேர்ந்த முதல் வாரமே அந்த ஏழு குருவிகளைப் படமெடுத்துக் குழுவினருக்கு அனுப்பினேன். "இது என்ன பறவை?" என்று ஒரே வரி எழுதினேன். இடம் எழுதவில்லை, நேரம் எழுதவில்லை, நானாக எதையாவது பார்த்தேனா என்பதையும் எழுதவில்லை. நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அன்றிரவே பெயரைச் சொல்லிவிட்டு, "மோனே, பழைய குறிப்புகளைப் பார்த்தாயா? இந்தக் கேள்விக்கு விடை எழுதி எழுதி என் கை தேய்ந்துவிட்டது" என்று மலையாளத்தில் எழுதினார். வெட்கத்தோடு பழைய குறிப்புகளைப் புரட்டினேன். இரண்டு மாதத்தில் ஐந்து பேர் அதே பறவையைப் பற்றி அதே ஒற்றை வரியில் கேட்டிருந்தனர். ஐவருக்கும் அவரே விடை எழுதியிருந்தார்.

"தெரியாதவன் கேட்கிறான், தெரிந்தவர் சொல்லட்டுமே! இதில் என்ன குற்றம்?" என்று நண்பர்கள் கேட்கலாம். குற்றமன்று, ஆயினும் அதற்கொரு விலை உண்டு. அந்த விலையைக் கேட்டவன் கொடுப்பதில்லை. விடை சொல்பவரே கொடுக்கிறார். ஊதியம் கருதாமல், கண் மங்கிய வயதில் விளக்கடியில் அமர்ந்து எழுதுகிறவரின் ஓர் இரவு அந்த விலை. ஒரே வினாவுக்கு ஆறு இரவுகள் போனால், ஏழாவது இரவில் வரும் அரிய வினாவுக்கு அவரிடம் எண்ணெய் இராது. பின்னர் அதுவே நடந்தது. சில திங்கள் கழித்து அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சினந்து நிறுத்தவில்லை; சலித்து நிறுத்தினார். ஒற்றை வரி எழுதிய நாங்கள் அனைவரும் அந்தச் சலிப்புக்குப் பொறுப்பாளிகள்.

சிலர் மெய்யாகவே தேடுகின்றனர், ஆனால் கிடைப்பதில்லை. எனக்கும் முதலில் கிடைக்கவில்லை. காரணம் எளியது. என் தந்தையார் சொல்லும் 'தவிட்டுக்குருவி' என்ற பெயரை மட்டுமே தேடினேன். பக்கத்து வீட்டார்க்கு அது 'பூத்தாங்கீரி'. அதன் நெருங்கிய உறவான காட்டுச் சிலம்பனை அவர்கள் 'கரியிலக்கிளி' என்பர்; தமிழரோ பல இடங்களில் இரண்டையும் தவிட்டுக்குருவி என்றே சொல்லிவிடுவர். இன்றைய தமிழ்ப் பறவை நூல்களில் நான் கண்ட குருவிக்கு 'வெண்தலைச் சிலம்பன்' என்று பெயர். பழைய ஆங்கில நூல்களில் அது 'ஒயிட் ஹெடட் பாப்ளர்'. புதியவற்றில் 'எல்லோ பில்ட் பாப்ளர்'. அறிவியற் பெயரும் நிலையாக நிற்கவில்லை. 'டர்டாய்டஸ் அஃபினிஸ்' என்று இருந்தது இப்போது 'ஆர்கியா அஃபினிஸ்' ஆகிவிட்டது. குருவி ஒன்று, பெயர்கள் பல. ஒரு பெயரை மட்டும் ஏந்திச் சென்றால் ஒரு வாயில் மட்டுமே திறக்கும்.

பெயரைப் போலவே எல்லையும் ஏமாற்றும். சாலிம் அலி 1933-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளின் பறவைகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் தொடராக வந்தது. 1953-இல் 'திருவிதாங்கூர் கொச்சிப் பறவைகள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாயிற்று. அன்றைய திருவிதாங்கூரில் குமரிமுனையும் அடக்கம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. 1958-இல் இந்துசூடன் மலையாளத்தில் எழுதிய பறவை நூல் கேரளத்துப் பறவைகள் என்றே பெயர் பெற்றது. சாலிம் அலியின் நூலும் 1969-இல் மறுபதிப்பாக வந்தபோது 'கேரளப் பறவைகள்' என்று பெயர் மாறிற்று. 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் நடத்திய கேரளப் பறவை வரைபடத் திட்டம் 361 வகைப் பறவைகளைப் பற்றி ஏறத்தாழ 3 லட்சம் பதிவுகளைத் திரட்டியது. அத்திட்டமும் மாநில எல்லையோடு நின்றுவிடும். காலையில் பாறசாலையில் பறக்கும் குருவி மாலையில் களியக்காவிளையில் அடையலாம். அதைப் பற்றிய ஏடுகளோ இரண்டு அலமாரிகளில் கிடக்கின்றன. ஆகவே எல்லையோரத்தில் வாழ்பவன் கேரளம் என்றும் தேடவேண்டும். குமரி மாவட்டம் என்றும் தேடவேண்டும். திருவிதாங்கூர் என்றும் தேடவேண்டும். ஆரல்வாய்மொழி பழைய ஆங்கில ஏடுகளில் 'ஆரம்போலி' என்று ஒளிந்திருப்பதையும் அவன் அறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது ஏமாற்றுக்காரன் காலம். பழைய விடை எழுதிய நாளில் சரியாக இருந்திருக்கும்; இன்று மாறியிருக்கலாம். நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு கழிமுகத்தில், சென்ற சனவரியில், மணல்நிறச் சிறு கரைப்பறவைகள் சிலவற்றைக் கண்டேன். பழைய குறிப்புகள் அதைச் 'சிறிய மணல் உப்புக்கொத்தி' என்றன. ஆனால் ஈபேர்ட் பயன்படுத்தும் உலகப் பெயர்ப்பட்டியலில் 2023-இல் அந்த இனத்தைச் சைபீரியம், திபேத்தியம் என இரண்டாகப் பிரித்துவிட்டனர். அப்படியானால் பூவாற்றில் வந்திறங்குவது எது? குளிர்காலக் கோலத்தில் கண்ணால் பிரித்தறிய முடியுமா? மூன்று மொழியிலும் தேடினேன். பழைய பெயரிலும் புதிய பெயரிலும் தேடினேன். பூவாற்றுக்கென்று தெளிவான விடை கிட்டவில்லை. அப்போதுதான் எனக்கு உண்மையான ஒரு கேள்வி பிறந்தது. விடை சொல்லவேண்டியவரோ எழுதுவதை நிறுத்தியிருந்தார்!

நெய்யாற்றின்கரைக்கு நேரே சென்றேன். கண்ட நாள், நேரம், அலகின் வடிவம், காலின் நிறம், தேடிய நூல்கள், தேடிய பெயர்கள், கிடைத்தவை, கிடைக்காதவை எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோனேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரு பக்கத்தையும் படித்தார். பின்னர் சிரித்தார். "நம் கரைக்கு வருவது திபேத்தியமாகத்தான் இருக்கவேண்டும் என்பர். ஆனால் இந்தக் கோலத்தில் பிரித்தறிவது வல்லவர்க்கும் கடினம். எனக்கும் உறுதியில்லை. உட்கார், சேர்ந்து பார்ப்போம்" என்று தம் பழைய குறிப்பேடுகளை எடுத்துவந்தார். அன்று மாலை முழுவதும் அவர் எனக்கு ஆசிரியராக இருந்தார். அந்த முதல் ஒற்றை வரிக்கு இந்த மாலை கிடைத்திருக்குமா?

ஆகவே நண்பர்களே, நான் சொல்வது "கேட்காதே" என்பதன்று. கூச்சத்தால் வாய்மூடிக் கிடப்பதும் கல்லாமையே. முதலில் கண்டதை எழுதுங்கள். பிறகு அதன் பெயர்களையெல்லாம் திரட்டுங்கள். இடத்தையும் திங்களையும் வைத்துத் தேடுங்கள். கிடைத்த விடையின் ஆண்டைப் பாருங்கள். அரைமணி நேரம் தேடியும் அகப்படாவிட்டால், தேடிய வழியைச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். விடை கிடைத்ததும் அடுத்து வருபவனுக்காக அதை எல்லாப் பெயர்களோடும் எழுதிவையுங்கள். மூத்தோர்க்கும் ஒரு வேண்டுகோள்: "தேடிப் பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எங்கே, எந்தப் பெயரில் தேடுவது என்பதையும் சொல்லுங்கள். கதவைக் காட்டாமல் உள்ளே போ என்பது முறையாகாது.

இருமொழி நடுவே வாழ்வது நமக்கு ஒரு சுமை என்று இங்குள்ள தமிழ் மாணவர் பலர் எண்ணுகின்றனர். தேடும் கலையில் அதுவே நம் முதல். ஒரு பொருளுக்கு இரண்டு பெயர் உண்டு என்பதை நாம் தொட்டிலிலேயே கற்றவர்கள். நம் தமிழ் மன்றம் இவ்வாண்டு ஒரு சிறு பணியை மேற்கொள்ளலாம். நம் எல்லையோரப் பறவைகள், மரங்கள், மீன்கள் ஆகியவற்றுக்கு இங்கே வழங்கும் தமிழ்ப் பெயர், மலையாளப் பெயர், பழைய ஆங்கிலப் பெயர், புதிய பெயர் நான்கையும் ஒரே குறிப்பேட்டில் தொகுக்கலாம். முதற் பக்கத்துக்கு என்னிடம் ஒரு குருவி இருக்கிறது. அடுத்த பக்கத்துக்கு நீங்கள் எதைக் கொண்டுவரப் போகிறீர்கள்?