நடுப்பார்வை போனவர்களை மீண்டும் படிக்க வைத்த கண்ணாடி: எப்படி வேலை செய்யுது? சிக்கல் எங்கே இருக்கு?

தூரத்தில் பஸ் வருவது தெரிகிறது. ஆனால் அதன் நம்பரைப் பார்க்க முயன்றால், சரியாக அந்த இடம் மட்டும் மறைந்துபோகிறது. எதிரே நிற்பவரின் சட்டை தெரிகிறது, முகம் தெரிவதில்லை. நடுப்பார்வை இழப்பு இப்படித்தான் இருக்கும்.

ஐரோப்பாவில் இப்படி நடுப்பார்வையை இழந்த முதியவர்கள் சிலர் மறுபடியும் எழுத்துகளைப் படித்திருக்கிறார்கள். கண்ணுக்குள் ஒரு குட்டி சிப், வெளியே கேமரா வைத்த கண்ணாடி. இந்தக் கருவியின் பெயர் 'பிரிமா'. இதன் சோதனை முடிவுகள் 2025 அக்டோபரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாகின.

அப்படின்னா பார்வை திரும்பிடுச்சா? அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது.

நடுப்பார்வை மட்டும் ஏன் போகுது?

கண்ணின் பின்பக்கம் இருக்கும் விழித்திரையின் நடுப்பகுதிக்கு 'மேக்குலா' என்று பெயர். படிப்பது, முகம் பார்ப்பது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இந்தச் சின்ன இடத்தின் வேலை. வயதாகும்போது சிலருக்கு இது தேய்கிறது. அந்தத் தேய்மானம் முற்றி, ஒளியை உணரும் செல்கள் திட்டுத்திட்டாக அழிந்துபோவதுதான் 'ஜியோகிராஃபிக் அட்ரோஃபி'. உலகம் முழுவதும் சுமார் 50 லட்சம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

2023-ல் அமெரிக்காவில் இதற்கு இரண்டு ஊசி மருந்துகளுக்கு அனுமதி கிடைத்தது. அவை பாதிப்பு பரவும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். போன பார்வையைத் திருப்பித் தராது.

ஏற்கெனவே கண்ணாடிகள் இருக்கே?

இருக்கு. இரண்டு வகை.

கனடாவின் 'ஈசைட்' போன்றவை கேமராவில் படம் பிடித்து, பெரிதாக்கி, கண்ணுக்கு முன்னால் உள்ள திரையில் காட்டும். மேக்குலா போனாலும் அதைச் சுற்றியுள்ள விழித்திரை நன்றாக இருக்கும். படம் பெரிதானால் அந்த ஓரப் பகுதியை வைத்தே பார்க்கலாம்.

இஸ்ரேலின் 'ஆர்கேம்' போன்றவை வேறு வழி. எழுத்தை கேமரா படிக்கும், காதில் குரலாகச் சொல்லும்.

இரண்டுக்கும் ஆபரேஷன் வேண்டாம். அதே நேரம் இரண்டுமே இழந்த இடத்தைச் சுற்றிப் போகின்றனவே தவிர, அந்த இடத்தைத் தொடுவதில்லை.

பிரிமா எப்படி வேறுபடுது?

ஒளியை உணரும் செல்கள் செத்துப்போனாலும், அவற்றிடமிருந்து தகவல் வாங்கி அனுப்பும் நரம்பு செல்கள் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். பிரிமா நம்பியிருப்பது அவற்றைத்தான்.

விழித்திரைக்கு அடியில் 2 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் அகலமுள்ள சிப் வைக்கப்படுகிறது. கண்ணாடியில் உள்ள கேமரா காட்சியைப் படம் பிடிக்கும். இடுப்பில் மாட்டிய சிறு கம்ப்யூட்டர் அதைச் சீராக்கும். பிறகு கண்ணாடி அந்தக் காட்சியை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக சிப் மேல் வீசும். சிப்பில் உள்ள 378 பிக்சல்களும் குட்டி சோலார் பேனல் மாதிரி. விழும் ஒளியையே மின்சாரமாக்கி நரம்பு செல்களைத் தூண்டும். ஒயரும் இல்லை, பேட்டரியும் இல்லை.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் பலன்கர் இதை உருவாக்கினார்.

சோதனையில் என்ன தெரிந்தது?

5 ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்கு சிப் பொருத்தப்பட்டது. எல்லோரும் 60 வயதைத் தாண்டியவர்கள். ஓராண்டு கழித்துப் பரிசோதிக்கப்பட்ட 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இருந்தது. கண் டாக்டரிடம் இருக்கும் எழுத்துப் பலகையில் சராசரியாக 5 வரிகள், அதாவது சுமார் 25 எழுத்துகள் கூடுதலாகப் படித்தார்கள். மிச்சமிருந்த ஓரப்பார்வை கெடவில்லை.

இனி மறுபக்கம். கிடைப்பது கறுப்பு வெள்ளைப் பார்வை. 378 பிக்சல் என்பது ரொம்பக் குறைவு. அதனால் கண்ணாடியில் உள்ள ஜூம் வசதியைப் பயன்படுத்தித்தான் சின்ன எழுத்துகளைப் படிக்க முடிகிறது. புது சிக்னலைப் புரிந்துகொள்ள மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். கண்ணாடியைக் கழற்றினால் சிப் சும்மாதான் கிடக்கும். 19 பேருக்கு, கண் அழுத்தம் கூடுவது, விழித்திரைக் கிழிசல், ரத்தக்கசிவு போன்ற தீவிர பிரச்னைகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை சரியாகிவிட்டன.

பெரிய கேள்வி: கம்பெனி மூடினா என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி இல்லை. அமெரிக்காவின் 'செகண்ட் சைட்' நிறுவனத்தின் 'ஆர்கஸ் 2' என்ற கருவிக்கு 2013-ல் அந்நாட்டு அனுமதி கிடைத்தது. அது வேறொரு விழித்திரை நோய்க்கானது. உலகம் முழுக்க 350-க்கும் மேற்பட்டோர் அதைப் பொருத்திக்கொண்டார்கள். 2019-ல் நிறுவனம் அதன் தயாரிப்பை நிறுத்தியது. 2020-ல் திவாலாகும் நிலைக்கே போனது. கருவி பழுதானால் யாரிடம் போவது என்றே தெரியாமல் நோயாளிகள் தவித்தார்கள்.

பிரிமாவும் இதிலிருந்து நூலிழையில்தான் தப்பியது. சோதனையை நடத்திய பிரான்ஸின் 'பிக்சியம் விஷன்' நிறுவனம் 2023 இறுதியில் நிதி நெருக்கடியில் விழுந்தது. அப்போது நோயாளிகளின் கண்ணுக்குள் சிப் இருந்தது, கண்காணிப்பும் முடிந்திருக்கவில்லை. 2024-ல் அமெரிக்காவின் 'சயின்ஸ் கார்ப்பரேஷன்' இந்தத் தொழில்நுட்பத்தை வாங்கிய பிறகுதான் திட்டம் தொடர்ந்தது.

வெளியே மாட்டும் கண்ணாடி பழுதானால் வேறொன்று வாங்கலாம். கண்ணுக்குள் வைத்த சிப்பை அப்படி மாற்ற முடியாது. அதனால் இதுபோன்ற கருவி வரும்போது, 'எத்தனை எழுத்து படிக்கலாம்?' என்பதோடு இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: 'பத்து வருஷம் கழிச்சு இது ரிப்பேரானா யார் பொறுப்பு?'

இப்போதைக்கு என்ன செய்யலாம்?

நேர்கோடு வளைந்து தெரிந்தாலோ, படிக்கும்போது நடுவில் எழுத்து மறைந்தாலோ தாமதிக்காமல் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். மேக்குலா பாதிப்பில் 'ஈர' வகை என்று ஒன்று உண்டு. அதை சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசி மருந்தால் பார்வையைக் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே பார்வை குறைந்தவர்கள் பெரிய கண் மருத்துவமனைகளில் உள்ள 'லோ விஷன்' பிரிவை அணுகலாம். பூதக்கண்ணாடி, நல்ல விளக்கு, மொபைலில் உள்ள பெரிதாக்கும் வசதி, ஓரப்பார்வையால் படிக்கும் பயிற்சி என ஆபரேஷன் இல்லாத வழிகளை அங்கே சொல்லித்தருவார்கள்.