கணைக்கால் எலும்பு முறிந்தால்...



மழை பிடித்துவிட்டால் நமது மலைநாட்டில் கால் வழுக்காத வீடில்லை. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொழுந்து மலையில் சறுக்கி விழுவோர் ஒருபுறம். வளைவில் ஆட்டோ புரண்டு அடிபடுவோர் மறுபுறம்.

முழங்காலுக்குக் கீழே, முன்புறம் தடவினால் கையில் தட்டுப்படுவதே கணைக்கால் எலும்பு. அதன் மேல் சதை மூடாத இடத்தில் வெறும் தோல்தான். எனவே முறிந்த முனை தோலைக் கிழித்துக்கொண்டு எளிதில் வெளியே வந்துவிடும்.

அப்படிக் கிழிந்திருந்தால் முறிவு வைத்தியரைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். எண்ணெய், மஞ்சள், பத்து எதுவும் வேண்டாம். கிருமி எலும்புக்குள் இறங்கினால் காலையே இழக்க நேரிடலாம். சுத்தமான துணியால் காயத்தை மூடி, காலை அசையாதபடி பலகை வைத்துக் கட்டி, 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஒப்பரேஷன் தேவைப்படலாம் என்பதால் தேநீர்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒப்பரேஷன் என்றதும் உம்மா அழுவார், வாப்பா தயங்குவார். எல்லா முறிவுக்கும் அது தேவையில்லை. எலும்பு விலகாவிட்டால் பெரும்பாலும் பிளாஸ்டர் கட்டே போதும். எலும்பின் நடுப்பகுதி முறிந்து விலகியிருந்தால், முழங்காலருகே கீறி, எலும்பின் உள்குழலில் நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தித் திருகாணி பூட்டுவார்கள். ஜெர்மானிய வைத்தியர் குன்ச்சர் 1939இல் தொடை எலும்பில் தொடங்கிய முறையிலிருந்து வளர்ந்தது இது. மூட்டருகே முறிந்தால் பெரும்பாலும் தகடு வைப்பார்கள். காயம் மோசமாக இருந்தால், அதைக் கழுவி, காலுக்கு வெளியே சட்டம் பூட்டி, காயம் தேறிய பின் உள்ளே கம்பி வைப்பதுண்டு.

கட்டுப் போட்ட பின்னும் கவனம் தேவை. வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் மரத்துப்போனாலோ, இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். எலும்பு சேர நான்கு முதல் ஆறு மாதங்கள், சிலருக்கு இன்னும் அதிகம், ஆகலாம். சிகரட் பிடிப்பவருக்கு மேலும் தாமதமாகும்.

கம்பி வைத்த பலருக்கு மண்டியிடும்போது முழங்கால் நெடுநாள் வலிக்கும். ஸுஜூது செய்ய இயலாதவர் அமர்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு, காலை வருத்தாதீர்கள். மலைக்கு எப்போது ஏறலாம் என்பதையும் வைத்தியரிடமே கேளுங்கள்.

இன்றே 1990 என்ற இலக்கத்தைக் குசினிச் சுவரில் பிள்ளைகளுக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள்.