கரடிக்கு எதிரே கைத்துப்பாக்கி

சால்மன் மீன்கள் முட்டையிடுவதற்காகக் கடலை விட்டு ஆறுகளில் எதிரேறி வரும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், அலாஸ்காவின் ஆற்றங்கரைகளில் மனிதனும் பழுப்புக் கரடியும் ஒரே இரையை நாடி வந்து நிற்கிறார்கள். அந்த மாகாணத்தில் ஏறக்குறைய 30,000 பழுப்புக் கரடிகள் வாழ்கின்றன. கடலோரத்தில் மீனுண்டு கொழுத்த ஆண் கரடி 500 கிலோவைத் தாண்டுவதும் அதிசயமன்று. தூண்டில் போடுகிறவனுக்கு இரண்டு கைகளும் வேண்டும். தோளில் ரைபிளைச் சுமந்துகொண்டு இடுப்பளவு நீரில் நிற்பது சிரமமாதலால், கைத்துப்பாக்கி ஒன்றை மார்பில் கட்டிய உறையில் தரித்துச் செல்லும் வழக்கம் அங்கே வேரூன்றிவிட்டது. எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்ற வாதம் அதனோடு பிறந்து இன்றளவும் ஓயாமல் நடக்கிறது. அந்த வாதம் அநேகமாகப் பலத்தைப் பற்றியதாகவே இருந்துவருவது பெரும் பிழையென்று கருதுகிறேன்.

1935-இல் .357 மாக்னம், 1955-இல் .44 மாக்னம், 2003-இல் .500 மாக்னம் என்று தோட்டாக்கள் பருத்துக்கொண்டே வந்திருக்கின்றன. ஆயினும் .44 மாக்னம் தோட்டாவின் சக்தி சுமார் 1,000 அடி-பவுண்டு; மான் வேட்டைக்குச் செல்லும் சாமானியன் வைத்திருக்கும் .30-06 ரைபிளின் சக்தியோ 2,800 அடி-பவுண்டுக்குக் குறையாது. அமெரிக்க வனத்துறை கரடிப் பாதுகாப்பை முன்னிட்டுக் குறுகிய தூரத்தில் தோட்டாக்களைச் சோதித்து 1983-இல் வெளியிட்ட அறிக்கையிலும் கனத்த ரைபிள்களே முன்னின்றன. ஆகவே, கைத்துப்பாக்கி எதுவானாலும் அது கரடியின் முன் பலவீனமான ஆயுதமே என்பதை முதலில் ஒப்புக்கொண்டு, அந்தப் பலவீனத்தை வைத்துக்கொண்டு எதைச் சாதிக்க முடியும் என்று விசாரிப்பதே விவேகம்.

பாய்ந்துவரும் கரடியை அக்கணமே நிறுத்த வேண்டுமானால் குண்டு அதன் மூளையையோ முதுகுத்தண்டையோ எட்டியாக வேண்டும். இதயத்தில் பட்ட கரடியும் வந்து சேர்ந்து மனிதனைக் கிழித்துப் போடுவதற்குப் போதுமான விநாடிகள் உயிரோடிருக்கும். மூளையோ அந்தப் பெரிய தலையினுள் சிறியதாய், சாய்ந்த கனத்த எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தோளை மறைத்து நிற்பது ரோமமும் கொழுப்பும் தடித்த தசையும். மனிதர்களை எதிர்ப்பதற்கென்று அமைந்த குழிமுனைக் குண்டு, உடலுக்குள் புகுந்ததும் மலர்ந்து விரிந்து, ஆழம் போகாமல் இந்தத் தசையிலேயே நின்றுவிடக்கூடும். அதனால்தான் அனுபவசாலிகள் விரியாத கடின ஈய வார்ப்பில், முனை தட்டையாக அமைந்த கனமான குண்டுகளை நாடுகிறார்கள். துவாரத்தின் அகலத்தைவிட அது எவ்வளவு ஆழம் செல்கிறது என்பதே இங்கு பிரதானம். 2016-இல் அலாஸ்காவில் விருந்தாளிகளை மீன்பிடிக்க அழைத்துச் சென்ற வழிகாட்டி ஒருவர், கரடிக்கு எவ்விதத்திலும் போதாதென்று எல்லோரும் தள்ளிவைத்த 9 மி.மீ. பிஸ்டலைக் கொண்டே பாய்ந்து வந்த பழுப்புக் கரடியை வீழ்த்தினார். அதில் இருந்தவை இத்தகைய கடின வார்ப்புக் குண்டுகள். இதைக் கொண்டு 9 மி.மீ. போதுமென்று நான் வாதிக்க வரவில்லை. பதறாத கையும் ஆழம் செல்லும் குண்டும் சேர்ந்தால் அளவின் குறை ஓரளவு ஈடாகும் என்பதே என் தாத்பரியம்.

இனிக் காலத்தைப் பாருங்கள். பழுப்புக் கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது. அதாவது முப்பது மீட்டரை அது கடக்க இரண்டு விநாடிகள் போதும். அந்த இரண்டு விநாடிகளுக்குள் துப்பாக்கியை உருவி, குறிவைத்து, முதல் குண்டு தவறினால் இரண்டாவதையும் சுட்டாக வேண்டும். சுமப்பதற்கு இலேசாயிருக்கட்டும் என்று மெல்லிய உலோகத்தில் செய்த ரிவால்வரில் மிகப் பலத்த தோட்டாவை நிரப்பி, அதன் உதைக்கு அஞ்சிப் பயிற்சியையே கைவிட்டவனுக்கு அந்த இரண்டாவது குண்டு வாய்ப்பதில்லை. வடகிழக்குக் கிரீன்லாந்தின் பனிவெளியில் நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டிகளில் ரோந்து செல்லும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர், பனிக்கரடியை எண்ணித் தரித்திருக்கும் கைத்துப்பாக்கி, பதினைந்து தோட்டா கொள்ளும் 10 மி.மீ. கிளாக் 20. பேராற்றல் ரிவால்வர்களை அவர்கள் அறியாதவர்களல்லர். கூடவே அவர்கள் ரைபிளும் வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறத்தலாகாது.

அலாஸ்காவில் 1883 முதல் 2009 வரை துப்பாக்கி ஏந்தியவர்கள் கரடியை எதிர்கொண்ட 269 சம்பவங்களைத் திரட்டி ஸ்மித், ஹெரேரோ முதலிய ஆராய்ச்சியாளர்கள் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கைத்துப்பாக்கி 84 சதவீதம் பலனளித்ததாகச் சொல்கிறது. ஆனால் அதே ஆய்வு, நெருங்கிய மோதல்களில் துப்பாக்கியைப் பிரயோகித்தவர்களும் பிரயோகிக்காதவர்களும் ஒரே அளவில்தான் காயமுற்றனர் என்றும் காட்டுகிறது. தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் தோட்டாவன்று. எடுக்க நேரமின்மை, அருகிருந்தும் எடுக்காமை, எடுத்தும் இயங்காமை ஆகியவையே. அதே ஆராய்ச்சியாளர்கள் 2008-இல், மிளகாயின் காரச் சத்தைப் புகைமண்டலமாகப் பீய்ச்சும் கரடித் தெளிப்பானை ஆராய்ந்தபோது, அதைப் பழுப்புக் கரடிகள் மீது பிரயோகித்த சம்பவங்களில் 92 சதவீதத்தில் கரடி தன் போக்கை நிறுத்தியதாகவும், அதை வைத்திருந்தவர்களில் 98 சதவீதத்தினர் காயமின்றித் தப்பியதாகவும் கண்டார்கள். அவற்றில் எல்லாக் கரடிகளும் பாய்ந்து வந்தவையல்ல. எதிர்காற்றில் தெளிப்பான் தடுமாறவும் செய்யும். எனினும் அதற்கு மில்லிமீட்டர்க் குறி வேண்டாம். கரடியும் பிழைத்துப் போகிறது. அலாஸ்காவில் தற்காப்புக்காகக் கரடியைக் கொன்றவன் அதன் தோலையும் மண்டையோட்டையும் அரசிடம் ஒப்படைத்தாக வேண்டும் என்ற சட்டத்தை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். தற்காப்பு என்ற பெயரில் வேட்டை நடப்பதை அது தடுக்கிறது.

ஆகவே அந்த ஆற்றங்கரைக்குச் செல்பவருக்கு என் அபிப்பிராயம் இதுவே: புதரோரம் சப்தம் செய்து நடங்கள், பிடித்த மீனைக் கூடாரத்தருகே வைக்காதீர்கள், தெளிப்பானைப் பைக்குள் புதைக்காமல் கைக்கெட்டும்படி அணியுங்கள். துப்பாக்கியும் வேண்டுமென்றால், நான்கு அங்குலக் குழலுக்குக் குறையாத .44 ரிவால்வரோ 10 மி.மீ. பிஸ்டலோ, கடின வார்ப்புக் குண்டுகளோடு போதும். அதற்கு மேல் செலவிடும் பணத்தைப் பயிற்சித் தோட்டாக்களுக்குச் செலவிடுங்கள். பயிற்சிக்கு நேரமில்லாதவர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுத் தெளிப்பானோடு செல்வது உத்தமம்.