மீனுக்கு எதுக்குங்க ஆர்.ஓ. தண்ணீர்?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். பாபநாசம் படித்துறையில் பொரியை வீசினால் கூட்டம் கூட்டமாக மீன் வரும். ஃபில்டரும் கிடையாது, மீட்டரும் கிடையாது. அந்தத் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவனை பேங்க்காரன் அகமதாபாத்துக்கு மாற்றி மூன்று வருடம் ஆகிறது. மணிநகர் பக்கம் போனால் தமிழ்ப் பேச்சு காதில் விழும். தண்ணீருக்குத்தான் கஷ்டம். எங்கள் சொசைட்டியில் போர் தண்ணீர். டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் 900 காட்டுகிறது. குழாயெல்லாம் வெள்ளை பூத்திருக்கும், துவரம்பருப்பு லேசில் வேகாது. அதனால் நாங்கள் குடிக்க, சமைக்க ஆர்.ஓ. அதில் தப்பில்லை. இந்திய தர நிர்ணயப்படி குடிநீரில் இந்த அளவு 500-க்குள் இருப்பது நல்லது.

பிறந்தநாளுக்கு மகள் மீன் கேட்டாள். இரண்டடித் தொட்டி, ஆறு கறுப்பு மோலி. மூன்று மாதம் அந்தப் போர் தண்ணீரிலேயே ஜம்மென்று இருந்தன. கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்துவிட்டு நான்தான் அதிமேதாவித்தனமாக, "நமக்கே ஆகாத தண்ணீர், பாவம் வாயில்லா ஜீவனுக்கு மட்டும் ஆகுமா?" என்று பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினேன். "ஓடிக்கிட்டு இருக்கறதை ஏன் நோண்டறீங்க?" என்றார் தங்கமணி. கேட்டால்தானே!

இரண்டு நாளில் மீன்கள் நின்ற இடத்திலேயே உடம்பை ஆட்ட ஆரம்பித்தன. "அப்பா, மீனுக்குக் குளிருதுப்பா" என்றாள் மகள். வாரக் கடைசிக்குள் நான்கு போய்விட்டன. கடைக்காரரோ, "மீனுக்குத் தனியா ஒரு ஆர்.ஓ. போட்டுடுங்க சாஹேப்" என்கிறார்!

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். மோலி கடின நீரை விரும்பும் மீன். அதற்குக் கால்சியமும் மெக்னீசியமும் தண்ணீரில் வேண்டும். ஆர்.ஓ. அதைத்தான் பெரும்பாலும் வடிகட்டி வெளியே தள்ளுகிறது. கூடவே பி.எச்.சை நிலையாகப் பிடித்துவைக்கும் கார்பனேட்டும் போய்விடும். சுத்தமான தண்ணீர் வேறு, மீனுக்கு ஏற்ற தண்ணீர் வேறு. பி.காம். படித்தவனுக்கு இது நான்கு மீன் செத்த பிறகுதான் புரிந்தது.

சரி, நமக்குத் தெரிந்த கணக்குக்கு வருவோம். என் தொட்டி சுமார் 56 லிட்டர். வாரம் கால்வாசி மாற்றினால் 14 லிட்டர். எங்கள் ஆர்.ஓ. ஒரு லிட்டர் தர மூன்று லிட்டரைக் கழிக்கிறது, பக்கெட் வைத்து அளந்தேன். அப்படியானால் வருடத்துக்கு 2,184 லிட்டர் சாக்கடைக்கு. மே மாதம் டேங்கருக்குக் காசு கொடுக்கும் சொசைட்டியில் இது அநியாயம் இல்லையா? டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-லேயே தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது இந்த வீணடிப்புக்காகத்தான்.

அதனால் என் கட்சி இதுதான்: மீனுக்காகத் தண்ணீரை மாற்றாதீர்கள், உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனை வாங்குங்கள். போர் தண்ணீரா? மோலி, கப்பி. கார்ப்பரேஷன் தண்ணீரா? குளோரின்தான் எதிரி. அதற்குக் கடையில் விற்கும் குளோரின் நீக்கி சில சொட்டு போதும். யு.வி. கிருமியைக் கொல்லும், உப்பைத் தொடாது. அபார்ட்மெண்ட் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கிறது. மீட்டரில் எண் பெரிதாகக் குறையாது, மீனுக்கும் லாபமில்லை. டிஸ்கஸ் மாதிரி மென்னீர் மீன்தான் வேண்டும் என்றால் ஆர்.ஓ. சரி. அப்போதும் சாதா தண்ணீரோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக. காப்பர் கார்ட்ரிட்ஜ் வைத்த மாடலாக இருந்தால் அந்தத் தண்ணீர் தொட்டிப் பக்கமே வேண்டாம். செம்பு நமக்கு நல்லதோ என்னவோ, மீனுக்கும் இறாலுக்கும் விஷம்.

நிஜமான ப்யூரிஃபையர் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியா, மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கி, அதையும் ஆபத்து குறைந்த நைட்ரேட்டாக்கும். அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் வாங்க அவசரப்படாதீர்கள். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசாதீர்கள், தொட்டியில் எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள்.

நான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போர் தண்ணீருக்கே திரும்பினேன். மிச்சமிருந்த இரண்டும் பிழைத்தன. போன வாரம் குட்டியும் போட்டாயிற்று, எண்ணியதில் பதினொன்று தேறியது. ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற மட்டும் மகள் இன்னும் என்னை விடுவதில்லை. தள்ளி நின்று பக்கெட் தூக்கித் தரத்தான் அனுமதி :-)