விதையே இல்லாத மனிதர் உண்டா?



அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், 2009-ஆம் ஆண்டு, பிரையன் டூகன் என்பவருக்கு என்ன தண்டனை என்று முடிவுசெய்யும் விசாரணை நடந்தது. 1983-இல் 10 வயதுச் சிறுமி ஒருத்தியை வீட்டிலிருந்து தூக்கிச் சென்று கொன்றதை அவர் ஒப்புக்கொண்டிருந்தார். வேறு இரண்டு கொலைகளுக்காக ஏற்கெனவே ஆயுள் சிறையில் இருந்தவர். இந்தச் சிறுமியின் கொலைக்காக, சம்பந்தமே இல்லாத இரண்டு இளைஞர்களுக்கு முன்பே மரண தண்டனை விதிக்கப்பட்டு, பல ஆண்டுகள் சிறையில் வாடிய பிறகு அவர்கள் விடுதலையாகியிருந்தார்கள். டூகன் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதால், 2009-இல் ஜூரிகளின் முன் இருந்த கேள்வி ஒன்றுதான். டூகனுக்கு ஆயுளா, மரணமா?

டூகனுக்காகச் சாட்சி சொல்ல வந்தவர் கென்ட் கீல் என்ற மூளை ஆய்வாளர். சிறைக் கைதிகள் பலரின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தவர். மனசாட்சியின் குரல் கேட்காத, பிறர் வலி உறைக்காத, குற்ற உணர்வே எழாத நிலையைத்தான் மருத்துவ உலகில் சைக்கோபதி என்கிறார்கள். அதை அளக்க ராபர்ட் ஹேர் என்ற கனடா நாட்டு உளவியலாளர் 20 அம்சங்கள் கொண்ட அளவீடு ஒன்றைத் தயாரித்திருக்கிறார். முழு மதிப்பெண் 40. முப்பதைத் தொட்டாலே சைக்கோபாத் என்று கணக்கு. டூகனுக்கு வந்தது 38.5. உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகள் இவருக்கு மற்றவர்களைப் போல இயங்கவில்லை என்றார் கீல். ஸ்கேன் படங்களை ஜூரிகளிடம் நேராகக் காட்ட நீதிபதி அனுமதிக்கவில்லை. வாயால் விளக்கலாம் என்றார். 1983-இல் நடந்த கொலைக்கு 2009-இல் எடுத்த படம் எப்படிச் சாட்சியாகும் என்று அரசுத் தரப்பு மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஜூரிகள் மரண தண்டனை என்று சொன்னார்கள். 2011-இல் இல்லினாய் மாநிலம் மரண தண்டனையையே ஒழித்துவிட்டதால் டூகன் சிறையிலேயே இருக்கிறார்.

நீதிமன்றத்தில் அந்தக் கேள்வி முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை. இரக்கம் என்ற ஒன்று உள்ளே ஊறவே ஊறாத ஒருவர் செய்த பாவத்துக்கு அவர் எந்த அளவுக்குப் பொறுப்பு? மண்ணுலகத் தண்டனை போக, மறு உலகத்திலும் அவருக்கு மீட்பில்லாத நரகம் உண்டு என்றால் அது நீதியாகுமா? பக்தி உள்ள வீடுகளில் பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றிவிடுகிறோம். மாற்றாமல் பேசிப் பார்க்கலாம்.

சட்டம் இதைச் சுலபமாகவே கடந்துவிடுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22-ஆம் பிரிவு. மனநிலை பிறழ்ந்த காரணத்தால் தான் செய்வது இன்னது என்றோ, அது தவறு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாதவர் செய்தது குற்றமாகாது. இங்கிலாந்தில் 1843-இல் டேனியல் மெக்நாட்டன் என்பவர் பிரதமரின் செயலாளரைச் சுட்டுக் கொன்ற வழக்கை ஒட்டி நீதிபதிகள் வகுத்த விதிதான் இதற்கு மூலம். கேட்பது அறிவைப் பற்றி மட்டும். தவறு என்று உனக்குத் தெரியுமா? தெரியும் என்றால் நீ பொறுப்பு. நெஞ்சு பதறியதா என்று சட்டம் கேட்பதில்லை.

சைக்கோபதி உள்ளவர்களுக்கு அது தவறு என்று உண்மையில் தெரிகிறதா? இதை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் பேசக்கூடாது என்பது விதி. டீச்சரே 'இன்றைக்குப் பேசலாம்' என்றால் பேசலாமா? பேசலாம் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். பக்கத்தில் இருப்பவனை அடிக்கலாம் என்று டீச்சர் சொன்னால்? 'கூடாது, அவனுக்கு வலிக்குமே' என்று அதே குழந்தை சொல்லும். ஜேம்ஸ் பிளேர் என்ற ஆய்வாளர் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கோபதி உள்ள கைதிகள் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. வலி என்ற காரணத்தையும் அரிதாகவே சொன்னார்கள். 2012-இல் வேறொரு குழு கேள்விகளை வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தபோது, மற்றக் கைதிகளைப் போலவே அவர்களும் சரியாகப் பிரித்துச் சொன்னார்கள். கீலும் அந்தக் குழுவில் இருந்தார். ஆக, அறிவு பெரும்பாலும் இருக்கிறது. 'அவனுக்கு வலிக்குமே' என்பது உள்ளே போய்த் தைப்பதில்லை.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண்ணோடு சிலர் பிறக்கிறார்கள். சிக்னலில் அவர்கள் நிற்பது நிறத்தைப் பார்த்து இல்லை, எரிவது மேல் விளக்கா கீழ் விளக்கா என்று பார்த்துத்தான். நிற்கிறார்கள் அல்லவா? பிறர் வலி உறைக்காதவராலும் அப்படி நிற்க முடியும் என்றே நம்புகிறேன். கலிபோர்னியாவில் ஜேம்ஸ் ஃபாலன் என்று ஒரு மூளை ஆய்வாளர் இருந்தார். கொலையாளிகளின் ஸ்கேன்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர், வேறொரு ஆய்வுக்காகத் தன் குடும்பத்தார் கொடுத்த ஸ்கேன்களில் ஒன்று அச்சு அசலாக அதே மாதிரி இருப்பதைக் கண்டார். யாருடையது என்று பார்த்தால் அவருடையதே. அவர் யாரையும் கொன்றதில்லை. பேராசிரியராக, கணவராக, தகப்பனாக வாழ்ந்தார். பாசமுள்ள வீட்டில் வளர்ந்ததுதான் தன்னைக் காப்பாற்றியது என்று பின்னாளில் எழுதினார்.

அதனால் என் மனத்தில் ஒன்று உறுதியாகிவிட்டது. மூளை இப்படி அமைந்துவிட்டது என்பதற்காகச் செய்த கொலை இல்லையென்று ஆகிவிடாது. சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் வேண்டும். கதவைப் பூட்டத்தான் வேண்டும். அந்தச் சிறுமியைப் பெற்றவர்களிடம் போய், 'பாவம், அவருக்கு மூளை அப்படி' என்று சொல்ல நம்மில் யாருக்கும் உரிமை கிடையாது. இழந்தவர்கள் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவர்கள் பாடு. தூரத்தில் இருந்துகொண்டு அவர்களுக்குப் பெருந்தன்மையைப் போதிப்பது, அவர்கள் பட்டதற்கு மேல் இன்னொரு கொடுமை.

ஆனால் நரகம் என்று வரும்போது என் கை நடுங்குகிறது. கத்தோலிக்கத் திருச்சபை 'சாவான பாவம்' என்பதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்திருக்கிறது. செயல் கனமானதாக இருக்க வேண்டும், முழு அறிவோடு செய்திருக்க வேண்டும், முழுச் சம்மதத்தோடு செய்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அது சாவான பாவம் ஆகாது. பிறர் வலியை ஒருநாளும் உணர்ந்திராத ஒருவரின் அறிவு முழு அறிவா என்ற கேள்விக்கு அங்கே இடம் இருக்கிறது. நம் பக்கத்திலும் கருத்து ஒன்றாக இல்லை. 13-ஆம் நூற்றாண்டில் உடுப்பியில் வாழ்ந்த மத்வாசாரியார் உயிர்களை மூவகையாகப் பிரித்து, ஒருவகை உயிர்கள் இயல்பிலேயே முடிவில்லாத இருளுக்கு உரியவை என்றார். தீமைக்குக் கடவுள் மேல் பழி வரக்கூடாது என்ற கவலை அந்தத் தத்துவத்தில் இருக்கிறது, அதை மதிக்கிறேன். நம் சைவ சித்தாந்தமோ நரகத் துன்பத்தையே 'மறக்கருணை' என்று சொல்லிவிட்டது. வினை கழிவதற்காக ஈசன் தருவது அது. கழிந்த பிறகு உயிருக்கு வழி திறக்கும்.

இந்தக் கேள்வியை முழு வாழ்க்கையாகவே வாழ்ந்து பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முன் பாஹியானிலிருந்து தொடங்க வேண்டும். அவரைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். குப்தர் காலத்தில் இந்தியா வந்து சுவடிகளைத் திரட்டிக்கொண்டு போன சீனத் துறவி. அவர் கொண்டுபோன சுவடிகளில் ஒன்று மகாயான மகாபரிநிர்வாண சூத்திரம். 418-இல் சீனத்தில் மொழிபெயர்க்கப்பட்டது. அதில் 'இச்சாந்திகர்' என்று ஒரு கூட்டத்தார் வருகிறார்கள். நன்மையின் வேரே அறுந்துபோனவர்கள். எல்லா உயிருக்கும் புத்தத் தன்மை உண்டு, இவர்கள் மட்டும் விலக்கு என்பது அந்த மொழிபெயர்ப்பின்படி பொருள். இன்றைக்கு மருத்துவர் வேறு பெயரில் குறிப்பது ஏறத்தாழ இவர்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போது தென்சீனத் தலைநகரில், இன்றைய நான்ஜிங்கில், தாவோஷெங் என்று ஒரு துறவி இருந்தார். அவர் இதை ஏற்கவில்லை. எல்லா உயிருக்கும் உண்டு என்று சொல்லிவிட்டு இவர்களை எப்படி வெளியே நிறுத்த முடியும், இச்சாந்திகருக்கும் புத்தத் தன்மையின் விதை உண்டு என்றார். சூத்திரத்தில் அப்படி எழுதியிருக்கிறதா? இல்லை. எழுதியிருப்பதற்கு எதிராகவே சொன்னார். சங்கம் கூடி அவரை வெளியேற்றியது. சூச்சோ நகரத்துப் புலிக்குன்றில் அவர் கற்களுக்கு உபதேசம் செய்தார் என்றும், 'சரிதானே?' என்று கேட்டதும் கற்கள் தலையசைத்தன என்றும் ஒரு கதை இன்றும் அங்கே சொல்கிறார்கள். கதை இருக்கட்டும். சுமார் 430-இல், வடமேற்கில் தர்மக்ஷேமர் என்ற இந்தியத் துறவி செய்திருந்த விரிவான மொழிபெயர்ப்பு தலைநகருக்கு வந்து சேர்ந்தது. பிரித்துப் படித்தால், இச்சாந்திகருக்கும் புத்தத் தன்மை உண்டு என்று அதில் இருந்தது. விரட்டியவர்கள் வெட்கப்பட்டார்கள். தாவோஷெங் 434-இல் லூ மலையில் காலமானார்.

சுவடி வந்து தன்னைக் காப்பாற்றும் என்று தாவோஷெங்குக்குத் தெரியாது. ஆதாரம் எதிராக இருந்தபோதே, ஓர் உயிரைக்கூட முற்றாகக் கணக்கிலிருந்து அடிக்க அவர் சம்மதிக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

யாரையும் முற்றாகக் கைவிடக்கூடாது என்பதற்கு நம் காலத்தில் ஒரு ஆதாரம் வந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரில், மெண்டோட்டா சிறுவர் சிகிச்சை மையம் 1995-இல் தொடங்கப்பட்டது. சீர்திருத்தப் பள்ளிகளே 'எங்களால் முடியாது' என்று கைவிரித்த, மிக மூர்க்கமான பையன்கள் அங்கே வருகிறார்கள். பலருக்குச் சைக்கோபதிக் கூறுகள் மிகுதி. அடிக்கு அடி, தனியறை, மேலும் தண்டனை, மேலும் வெறி என்று சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தை அந்த மையம் நிறுத்தப் பார்த்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தண்டனை பெரிதாக உறைப்பதில்லை, பரிசு உறைக்கிறது. எனவே இன்றைக்கு ஒழுங்காக இருந்தால் நாளைக்கு ஏதாவது ஒரு சலுகை. மிட்டாயாக இருக்கலாம், கொஞ்ச நேரம் வீடியோ கேமாக இருக்கலாம். நேற்று ஊழியரை அடித்தவனுக்கும் இன்று புதுக் கணக்கு. மாதக்கணக்கில் இப்படி.

பிறகு அந்தப் பையன்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் வழக்கமான சிறார் சிறைகளிலேயே இருந்த அதே மாதிரிப் பையன்கள், வெளியே வந்தபின் 16 பேர் சாவுக்குக் காரணமாக இருந்தார்கள். மெண்டோட்டாவில் சிகிச்சை முடித்தவர்கள் யாரையும் கொல்லவில்லை. அவர்களுக்கு இரக்கம் ஊறிவிட்டதா என்றால், அப்படி யாரும் சொல்லவில்லை. கை ஓங்குமுன் நிற்கப் பழகியிருக்கிறார்கள். எனக்கு அது போதும். அதனால் உயிர் தப்பிய மனிதர்களுக்கும் அது போதும்.

இங்கே நாம் என்ன செய்கிறோம் என்று பார்க்கிறேன். சினிமா பார்த்துவிட்டு, பூனையைக் கல்லால் அடித்த பையனைத் தெருவே 'சைக்கோ' என்று கூப்பிடுகிறது. 18 வயது நிரம்பாத ஒருவருக்குச் சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்ற பெயரைக் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே வரம்பு கட்டியிருக்கிறது. மருத்துவர் தயங்குகிற இடத்தில் எதிர்வீட்டுக்காரர் தயங்குவதில்லை. 'இவன் உருப்பட மாட்டான்' என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளை தினமும் கேட்டு வளர்ந்தால், நரகம் அவனுக்கு மறு உலகத்தில் தொடங்குவதில்லை. வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. மிருகங்களை வதைக்கிற, அழுகிற பிள்ளையைப் பார்த்தும் முகம் மாறாத குழந்தை உங்கள் வீட்டில் இருந்தால், பயப்படாமல் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள். அடி அங்கே வேலை செய்யாது. நல்லது செய்யும் சிறு கணத்தைக் கண்டு உடனே பாராட்டுங்கள். அன்பு காட்டினாலும் திருப்பி வராமல் போகலாம், அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

நம் வாசகர்களில் பள்ளி ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எல்லோரும் கைகழுவிய ஒரு பிள்ளையோடு நீங்கள் பட்ட பாட்டை எங்களுக்கு எழுதுங்கள். வழிக்கு வந்த கதையானாலும், கடைசிவரை வராத கதையானாலும் எழுதுங்கள். இரண்டிலிருந்தும் மற்ற ஆசிரியர்களுக்குத் தெரிந்துகொள்ள இருக்கிறது. பிள்ளையின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். அடுத்த இதழ்களில் இடம் ஒதுக்கி வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்