திரையும் தாளும்

வெண்திரையில் படவில்லைகளைக் காட்டிப் பேசுவது இன்று பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பெருவழக்காகிவிட்டது. இதற்குத் துணைசெய்யும் பவர்பாயிண்ட் என்னும் மென்பொருள் 1987ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பில் கறுப்பும் வெள்ளையுமே இருந்தன. வண்ணம் பின்னர் வந்தது. வண்ணத்தோடு மலையும் கடலும் மாலை வானமும் எழுத்திற்குப் பின்னணியாக வந்து அமர்ந்தன.

திரையில் அவை இருப்பதில் குற்றமில்லை. அதே படவில்லைகளைத் தாளில் அச்சிட்டுக் கேட்போர்க்கு வழங்கும்போதுதான் இடர் தோன்றுகிறது. திரையில் தோன்றும் கருநீல வானம் ஒளி குறைந்த இடமே. அதற்குச் செலவு யாதுமில்லை. தாளிலோ அவ்வானம் முழுவதும் மையாக இறங்குகிறது. நான்கே சொற்களுக்காகப் பக்கம் முழுதும் மை பூசப்படுகிறது. அதனை நகல் எடுத்தால் நிலை இன்னும் கெடும். வண்ணங்கள் யாவும் சாம்பல் நிறமாகி, எழுத்தும் வானமும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஒரே தாளில் ஆறு படவில்லைகளைச் சுருக்கி அடுக்கியிருந்தாலோ, சொல்லவே வேண்டா. தேர்வுக்கு முந்திய இரவில் அத்தாளை விளக்கருகே பிடித்துப் பார்க்கும் மாணவனுக்கு, அதிலுள்ள எண் 3 என்பதா 8 என்பதா என்று விளங்குவதில்லை. கேட்டுத் தெளிய ஆசிரியரும் அருகில் இல்லை.

“தாளுக்கு அழகு வேண்டாவா?” என்பர் சிலர். பூவின் குறுக்குவெட்டுத் தோற்றமும், ஆற்றின் போக்கைக் காட்டும் நிலப்படமும் பாடத்தின் உறுப்புகள், அவற்றை நீக்கலாகாது. எழுத்தின் பின்னே நிற்கும் மாலை வானம் அத்தகையதன்று. ஓலையில் எழுதிய முன்னோர், கீறிய எழுத்தின்மீது கரிமையைத் தடவியபின் ஓலையைத் துடைத்துவிடுவர்; மை எழுத்தில் மட்டுமே தங்கும். அத்தகைய ஓலையை அழகற்றது என்று எவர் கூறுவர்?

பின்னணியை நீக்குவது அரிய செயலும் அன்று. அச்சிடும்போது வண்ணம், சாம்பல், தூய கறுப்பு வெள்ளை என மூன்று முறைகளை அம்மென்பொருள் காட்டுகிறது. மூன்றாவதைத் தெரிந்தெடுத்தால் பின்புலம் வெண்மையாகும். வெள்ளை எழுத்துக் கறுப்பாகும். இவ்விரண்டும் சேர்ந்தே நிகழவேண்டும். பின்புலத்தைத் தம் கையால் அழித்துவிட்டு எழுத்தின் நிறத்தை மாற்ற மறந்தவர், வெண்தாளில் வெண்ணெழுத்தை அச்சிட்டு வெறுந்தாளையே பெறுவர்! எல்லாப் படவில்லைகளிலும் தோன்றும் பின்னணி ஓவியங்களை மறைக்கவும் தனி வசதி உண்டு. பக்கத்திற்கு மூன்று படவில்லைகள் என்று அமைத்தால், அருகே குறிப்பெழுதக் கோடுகளும் அச்சாகும். மறுநாள் ஆசிரியரிடம் கேட்கவேண்டியதை மாணவன் அக்கோடுகளிலேயே எழுதிக்கொள்ளலாம்.