தேசிங்கு தோற்றது போதும்!

"இன்னா தம்பி, நம்ம பசங்க கெலிப்பாங்களா?"

செஞ்சிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலே ஒரு தோழர் நம்மைக் கேட்டார். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலே நெல் மூட்டை தூக்குபவர். தோளிலே சாக்குத் தூசு, கையிலே ஆறிப்போன தேநீர். தேர்தலைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எண்ணினோம். நமக்கு வேறு என்ன நினைப்பு வரும்! அவர் கேட்டது தேர்தலை அல்ல, கூடைப்பந்தாட்டத்தை! மகன் கல்லூரி அணியிலே ஆடுகிறான். கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டிக்கு அணி புறப்படப் போகிறது. மூட்டை சுமந்த தோள், மகன் தோள் மீது மாலை விழுமா என்று கேட்கிறது.

"பார்த்துவிட்டுச் சொல்கிறோம் அண்ணே" என்றோம். மூன்று மாலை நேரம் ஆட்டத் திடலருகே நின்று பார்த்தோம். கண்டதைச் சொல்கிறோம், கேளுங்கள் தோழர்களே! கல்லூரியின் பெயரைச் சொல்லமாட்டோம். எதிரணிக்கு நாமே ஒற்றர் வேலை பார்ப்பானேன்?

முதலில் வழியைப் பார்ப்போம். அமெரிக்காவிலே கல்லூரி அணிகளின் பருவம் முடிந்ததும், மார்ச் திங்களில் 68 அணிகளைப் பொறுக்கி எடுத்து மோதவிடுகிறார்கள். தோற்றால் வீடு! வென்றால் அடுத்த ஆட்டம்! அங்கே கல்லூரி தன் பெயரிலேயே நாட்டின் உச்சி வரை போகலாம். இங்கே அப்படி அல்ல. ஒரு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த கல்லூரிகள் முதலில் தமக்குள் மோதும். பிறகு எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் பன்னிரண்டு பேரைப் பொறுக்கிப் பல்கலைக் கழக அணி அமைப்பார்கள். அந்த அணி தென் மண்டலப் போட்டிக்குப் போகும். மண்டலத்திலே முதல் நான்கு இடம் பிடித்தால்தான் அகில இந்தியப் போட்டி. ஆகவே, 'கெலிப்பாங்களா' என்ற ஒரு கேள்விக்குள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, கல்லூரிகளுக்கிடையே. விழுப்புரம், கடலூர் மாவட்டக் கல்லூரிகளை அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தோடு இணைக்க 2021-ல் சட்டம் செய்தார்கள். ஆகவே நம் பிள்ளைகள் சிதம்பரத்தை நோக்கித்தான் நடக்க வேண்டும். அங்கே யார் இருக்கிறார்கள்? 1929-ல் எழுந்த பல்கலைக் கழகம். உடற்கல்வியையே பாடமாகப் படிக்கும் மாணவர் கூட்டம். நம் பையன் மூன்று மணிக்கு வகுப்பு முடித்து, நான்கு மணிக்குப் பந்து தொட்டு, ஆறு மணிக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறான். அங்கே இருப்பவனுக்கோ ஆட்டமே படிப்பு!

இருந்தும் நாம் கைவிரிக்கவில்லை. ஏன்? நம் அணியின் ஓட்டத்தைக் கண்டோம். அடடா, அந்த ஓட்டம்! எதிராளியின் கையிலிருந்து பந்து நழுவ வேண்டியதுதான், மூன்று பாய்ச்சலில் மறுகோடி. 28 மீட்டர் நீளத் திடல், நம் பிள்ளைகளின் காலுக்கு முன்னே சுருங்கிப் போகிறது. மூட்டை தூக்கும் தோழரின் மகன்தான் பந்தை நடத்திச் செல்கிறான். குட்டையன். ஆனால் கண் எங்கோ பார்க்க, கை வேறெங்கோ பந்தைக் கொடுக்கிறது. அரசியலுக்கு வந்தால் பெரிய ஆளாகிவிடுவான்!

குறை எங்கே? பலகையிலே! ஆம், திடலோரம் மாற்று ஆட்டக்காரர் உட்காரும் பலகையிலே. பன்னிரண்டு பேரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. நம்மிடம் ஒன்பது பேர். அந்த ஒன்பதிலும், களத்தில் விட்டால் நெஞ்சு படபடக்காமல் நாம் பார்க்கக்கூடியவர்கள் ஆறு பேர்தான். ஆட்டமோ பத்துப் பத்து நிமிடமாக நான்கு கட்டம். ஒருவன் ஐந்து தவறு செய்தால் வெளியே போக வேண்டும். ஒரு கட்டத்தில் அணி நான்கு தவறு செய்துவிட்டால், அடுத்த தவறிலிருந்து எதிரிக்கு இலவச வீச்சு. நம் குட்டையன், நாம் பார்த்த பயிற்சி ஆட்டத்திலே இரண்டாம் கட்டம் முடியும் முன்பே மூன்று தவறு செய்துவிட்டான். வீரம்! வீரம் என்றுதான் சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

நாம் தட்டவில்லை. அண்ணாந்து இராஜகிரியைப் பார்த்தோம்.

இந்த ஊரிலே பிறந்தவனுக்குத் தேசிங்கின் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. 1714. ஆர்க்காட்டு நவாபு கப்பம் கேட்டுப் படையோடு வருகிறான். தேசிங்கு இளைஞன், இருபத்திரண்டு வயது என்பார்கள். நம் கல்லூரிப் பிள்ளை வயதுதான். சில நூறு குதிரை வீரர்களோடு பெரும் படையின் மீது பாய்ந்தான், மாண்டான். முந்நூறு ஆண்டுகளாக ஊர் ஊராகப் பாடி அழுதோம். அழுதது தவறில்லை. ஆனால் தோழர்களே, அதே மலை, அதே மதில், 1690 முதல் 1698 வரை முகலாயப் பெரும்படையை வாயிலிலே நிறுத்தி வைத்ததே, அதை யார் பாடினார்கள்? இராசாராம் உள்ளே இருந்தார். சுல்பிகர்கான் வெளியே இருந்தார். எட்டு ஆண்டு! தானியம் வந்தது, ஆள் மாறியது, காவல் மாறியது. பாட்டுக்கு உதவாத வேலைதான், ஆனாலும் கோட்டை நின்றது. கடைசியில் கோட்டை விழுந்தபோதும் இராசாராம் அதற்குள் தப்பிவிட்டார். 2025 சூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம் பெற்றது செஞ்சி ஒன்றுதான்.

நம் அணி தேசிங்குபோல் ஆடுகிறது. இராசாராம்போல் ஆட வேண்டும். முதல் இரண்டு கட்டத்திலே குட்டையனைக் கொஞ்சம் உட்கார வையுங்கள். ஏழாவது, எட்டாவது பையன்களை இப்போதே களத்தில் இறக்கிப் பழக்குங்கள். பயிற்சி ஆட்டத்திலே தோற்றால் தோற்கட்டும்!

"பெரியவனைச் சின்னவன் வீழ்த்தியதே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. அமெரிக்கப் போட்டியிலே, ஒவ்வொரு பகுதியிலும் முதல் தரம் பெற்ற அணி 16-ம் தரத்து அணியோடு மோதும். ஆடவர் போட்டியிலே 135 முறை மோதி, 135 முறையும் முதல் தரமே வென்றிருந்தது. 2018-ல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக் கழகம், வர்ஜீனியாவை 74-54 என்று சாய்த்தது. 2022-ல் ஜெர்சி நகரத்துச் சின்னஞ்சிறு செயின்ட் பீட்டர்ஸ், 15-ம் தரத்து அணி, கென்டக்கி என்ற மலையைப் பெயர்த்துவிட்டுக் கடைசி எட்டு வரை நடந்தது. படித்தபோது நமக்கே மயிர்க் கூச்செறிந்தது. ஆனால் அடுத்த ஆட்டம்? நார்த் கரோலினா 69-49 என்று முடித்துவிட்டது. ஓர் இரவை வெல்லத் துணிச்சல் போதும். அடுத்தடுத்த இரவுகளுக்கு ஆள் வேண்டும்.

ஆகவே நம் கணக்கு இது. கல்லூரிகளுக்கிடையே அரையிறுதி வரை போகப் பத்துக்கு ஆறு பங்கு வாய்ப்பு. கோப்பைக்குப் பத்துக்கு இரண்டு.

இரண்டாவது, தென் மண்டலம். அங்கே நிலைமை வேறு. சென்னையைச் சுற்றியுள்ள நிகர்நிலைப் பல்கலைக் கழகங்கள், ஆட்டக்காரப் பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லாமல் இடம் கொடுத்து, விடுதியில் வைத்து, ஆண்டு முழுதும் ஒன்றாகப் பழக்குகின்றன. நம் மாவட்டத்திலே ஆறடிக்கு மேல் வளர்ந்து, கையும் காலும் பேசுகிற பையன் தென்பட்டால், அவன் பள்ளி முடிக்கும் முன்பே சென்னைக்கு இரயில் ஏறுகிறான். குற்றம் சொல்கிறோமா? இல்லை! ஏழை மகனுக்குப் படிப்பும் சோறும் கிடைக்கிறதென்றால் போகட்டும், வாழட்டும்! ஆனால் கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். ஐந்து ஊரிலிருந்து வந்து சில நாள் முகாமில் சேர்ந்து ஆடுகிற அணி, ஐந்து பருவம் ஒன்றாக உண்டு உறங்கிய அணியை வெல்வது கடினம். நூற்றுக்குப் பத்து. மூன்றாம் கேள்விக்கு, அகில இந்தியத்துக்கு, நாம் எண் சொல்ல விரும்பவில்லை.

தோழர் முகம் வாடியது. அப்போதுதான், அவர் கேட்காத நான்காவது கேள்விக்கு விடை சொன்னோம். கல்லூரி அணி தோற்றாலும், நன்றாக ஆடிய பையனைப் பல்கலைக் கழக அணிக்குப் பொறுக்கி எடுப்பார்கள். மண்டலப் போட்டியிலே பல்கலைக் கழகத்துக்காக ஆடினான் என்ற சான்று வெறும் காகிதமல்ல. மத்திய அரசுப் பணிகளிலே விளையாட்டு வீரருக்கென்று ஒதுக்கிய இடத்துக்கு அதுவும் ஒரு தகுதி. சென்னையிலே இரயில் பெட்டித் தொழிற்சாலை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி இவற்றுக்கெல்லாம் கூடைப்பந்து அணி உண்டு. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, தென்னக இரயில்வேயில் பணியாற்றியவர், இந்திய மகளிர் அணிக்குத் தலைமை ஏற்றவர், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். பந்து சோறு போடும் தோழர்களே!

அந்தப் பன்னிரண்டு பேரிலே குட்டையனுக்கு இடம் கிடைக்குமா? சரிபாதி வாய்ப்பு என்கிறோம். ஒரே நிபந்தனை. ஐந்து தவறு செய்து வெளியே போய் உட்கார்ந்துவிட்டால், தேர்வாளர் கண்ணுக்கு அவன் எப்படித் தெரிவான்?

இதைச் சொன்னதும் தோழர் மீதித் தேநீரை ஒரே மூச்சில் குடித்தார். போட்டி நடக்கும் ஊருக்குத் தாமும் போவதாகச் சொன்னார். போனால் அன்றைய கூலி போகும். "அரையிறுதி நாளுக்கு மேஸ்திரியிடம் சொல்லி வையுங்கள் அண்ணே. இறுதி ஆட்டத்துக்கு இப்போதே சொல்ல வேண்டாம்" என்றோம்.

"ரெண்டுக்கும் சொல்லிட்டேன் தம்பி" என்றார்.